வேலையும் வீடும்: திருவிதாங்கூரில் அனுசரித்துப் போனவர் யார்?

"அனுசரித்துப் போம்மா" என்ற சொல் ஒலிக்காத தமிழ்க் கல்யாண வீடு கிடையாது. தாலி ஏறிய கையோடு அத்தையோ சித்தியோ பெண்ணின் காதில் ஓதும் முதல் உபதேசம் அதுதான். மாப்பிள்ளையின் காதில் அதை யாரும் ஓதி இந்த அறுபது சொச்ச வருஷத்தில் நான் கேட்டதில்லை. இந்தச் சொல்லைத்தான் உளவியலார் 'திருமண இணக்கம்' என்று பெயரிட்டு, வினாத்தாள் தயாரித்து, மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். வேலைக்குப் போகும் மணமான பெண்களிடம் இவ்வினாத்தாளைக் கொடுத்து, வேலைப்பளு, மன அழுத்தம், சம்பளம், குழந்தைகள் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒப்பிட்டு எழுதப்படும் ஆய்வேடுகள் பல்கலைக்கழகந்தோறும் உண்டு. வேலை இல்லறத்தைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்பதே அவற்றின் அடிப்படைக் கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. நாம் வாழும் இதே திருவனந்தபுரத்தில், பெரியவர்கள் கூடிய ஒரு சபையில், 1928ஆம் ஆண்டிலேயே இது வாதப் பிரதிவாதத்துக்கு வந்தது. அந்த வாதத்தையும் அதன் முன்பின் நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இல்லறத்தில் ஒரு பெண்ணின் நிலையைத் தீர்மானித்தது அவள் வேலைக்குப் போனதோ போகாததோ மட்டும் அல்ல. அவள் காலூன்ற அவளுக்கென்று ஓர் இடம் இருந்ததா என்பதும் கூட. இதை நான் கற்ற அளவில், வியாபாரிக்குரிய கணக்குப் பார்வையோடு, அன்பர்கள் முன் வைக்கிறேன்.

1928ஆம் ஆண்டு வழக்காடல்

அரசாங்க உத்தியோகங்களைப் பெண்களுக்குக் கொடுக்கலாமா என்பது அன்று திருவிதாங்கூரில் சூடான பேச்சு. படித்த பெண்கள் பெருகிவிட்டார்கள். இந்நகரின் மகளிர் கல்லூரி 1897இலேயே கல்லூரியாகிவிட்டது. ஆசிரியை, மருத்துவச்சி, செவிலி ஆகிய வேலைகளில் பெண்களைக் கண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கச்சேரியில் குமாஸ்தா நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் ஓர் ஆணின் நாற்காலி போயிற்றே! அப்போதுதான் இல்லற சுகத்தைப் பற்றிய கவலை பலருக்குத் திடீரென்று வந்தது.

இந்தக் கவலையைச் சபையில் எடுத்து வைத்தவர் சாதாரண ஆள் அல்லர், டி.கே. வேலுப்பிள்ளை. பிற்காலத்தில், 1940இல், நான்கு தொகுதிகளாகத் திருவிதாங்கூர் ராஜ்ய வரலாற்றுக் கையேட்டைத் தந்த பேரறிஞர். இந்நாட்டு வரலாற்றில் ஒரு தேதி வேண்டுமென்றால் இன்றைக்கும் அவரைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது, நானும் புரட்டுகிறேன். அப்படிப்பட்டவர், மணமான பெண்களுக்கு அரசு வேலை கூடாது, அது குடும்பக் கடமைகளைக் குலைக்கும், தாம்பத்திய நிம்மதியைக் கெடுக்கும் என்ற பொருளில் வாதித்தார்.

மறுத்துப் பேச மேடையேறியவர் அன்னா சாண்டி. 1905இல் பிறந்தவர், ஆகவே இருபதுகளின் முற்பாதியில் இருந்த இளம்பெண். கேரளத்தில் சட்டம் படித்துத் தேறிய முதல் பெண். மணமானவர், கணவர் பி.சி. சாண்டி போலீஸ் அதிகாரி. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு மனுவைப் பிரித்துப் பிரித்து உடைப்பதுபோல வேலுப்பிள்ளையின் வாதத்தை அவர் ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பெண் என்பவள் ஆணின் வீட்டுச் சுகத்துக்காகவே படைக்கப்பட்டவள், அடுப்படியை விட்டு வெளியே வந்தால் குடும்பம் கெடும் என்பதுதானே மனுதாரரின் உட்கருத்து என்று கிண்டலாகவே கேட்டார். குடும்பத்துக்குக் கஷ்டகாலம் வந்தால் பெண்ணின் சம்பளம் தாங்குமே என்று கணக்கும் சொன்னார். சாதிவாரியாக உத்தியோகப் பங்கீடு கேட்கும் சண்டை அப்போது நாடு முழுதும் நடந்துகொண்டிருந்தது. அதே வழியில் பெண்களுக்கும் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதில் அவருடைய துணிச்சல் தெரிகிறது. அவ்வுரை மலையாளத்தில் அச்சேறியதால் நமக்கு மிஞ்சியது. இந்நகரிலேயே ஆய்வு செய்யும் ஜே. தேவிகா, தாம் தொகுத்த பழைய பெண்ணெழுத்துத் தொகுதியில் அதை மொழிபெயர்த்துச் சேர்த்து 2005இல் பரவலாக அறியச் செய்தார்.

இந்த விவாதம் நடந்த ஊரின் நிலைமையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமிபாய். மணமானவர், தாயானவர். நாட்டையே ஒரு குடும்பப் பெண் ஆளலாம். அந்த நாட்டின் கச்சேரியில் ஒரு குடும்பப் பெண் கோப்பு எழுதினால் குடும்பம் கெட்டுவிடும்! இதுபோதாதென்று, தைக்காட்டில் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் இருந்தார். பெண் என்பதாலேயே இங்கே மகாராஜா கல்லூரியில் அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின் லண்டன் போய் மருத்துவம் கற்று, 1916இல் பணியில் சேர்ந்தவர். 1917இல் வழக்கறிஞர் கே.கே. லூக்கோஸை மணந்தார். மணந்ததால் வேலையும் போகவில்லை, வேலையால் மணமும் போகவில்லை. 1922இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1938இல் ராஜ்யத்தின் சர்ஜன் ஜெனரலே ஆனார். கணவர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். வேலுப்பிள்ளையின் வாதத்துக்குப் பதில் சபையில் தேட வேண்டியதே இல்லை. தைக்காட்டுக்கு ஒரு குதிரைவண்டி பிடித்தால் போதும்.

அன்னா சாண்டி 1930இல் 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார். 1931இல் ஸ்ரீமூலம் சபைத் தேர்தலில் நின்றபோது அவருடைய ஒழுக்கத்தையே இழிவுபடுத்திச் சுவரொட்டிகளும் வதந்திகளும் பரவின, தோற்றார். மறுஆண்டே வென்றார். வேலை செய்யும் பெண்ணின் மனச்சுமை என்று இன்று ஆய்வேடுகளில் எழுதுகிறார்களே, அதில் பாதி அலுவலகத்தின் வேலை அல்ல, அலுவலகத்துக்கு வெளியே நிற்கும் நாக்குகளின் வேலை என்பதற்கு இது பழைய சாட்சி. 1937இல் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் காலத்தில் முன்சீப் ஆனார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவரே. 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகி 1967 வரை இருந்தார்.

ஏன் அந்த ஆண்டில்?

தாம்பத்திய நிம்மதி பற்றிய இக்கவலை ஏன் 1928இல் எழுந்தது, 1888இல் ஏன் எழவில்லை? என் பார்வையில் இதற்கு விடை சொத்துச் சட்டத்தில் இருக்கிறது.

மருமக்கத்தாயம் பற்றித் தமிழன்பர்கள் அறிவார்கள். நாயர் குடும்பங்களில் சொத்து தாய்வழியில் இறங்கும். பெண்ணுக்குத் தன் தரவாடு உண்டு. சம்பந்தம் செய்தவன் வந்துபோவான். தெற்குப் பகுதிகளில் பெண் கணவன் வீட்டில் போய் இருப்பதும் வழக்கமே. எப்படியிருந்தாலும், ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப்போய் இருக்க அவளுக்கு உரிமையுள்ள வீடு ஒன்று இருந்தது. இதைப் பொற்காலம் என்று பாடுகிறவன் நான் அல்ல. சாவிக்கொத்து காரணவரின் இடுப்பில்தான் இருந்தது. அவர் மனம் வைத்தால்தான் எண்ணெயும் புடவையும். ஆனாலும் மனைவி என்ற முறையில் அவள் சோற்றுக்குக் கணவன் கையை எதிர்பார்க்கவில்லை. ஆகவே அங்கே 'அனுசரிப்பு' என்பது இருவருக்கும் பொது. வந்துபோகிறவன்தான் கொஞ்சம் கூடுதலாகவே அனுசரிக்க வேண்டியிருந்திருக்கும்!

கொல்லம் ஆண்டு 1088இல், அதாவது 1912இல், முதல் நாயர் சட்டம் வந்தது. சம்பந்தம் சட்டப்படியான திருமணமாயிற்று. கணவன் தானே சம்பாதித்த சொத்தில் பாதி மனைவி மக்களுக்கு என்றாயிற்று. கொல்லம் 1100இல், 1925இல், இரண்டாம் நாயர் சட்டம். தரவாட்டுச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் ஒரே துணைதான். சுயார்ஜிதம் மனைவி மக்களுக்கு. பெண்ணுக்கும் பங்கு உண்டென்று சட்டம் சொன்னது உண்மை. ஆனால் பெரிய வீடு துண்டு துண்டாகி விலைபோனபோது, ஆபத்துக்குத் திரும்பிப்போகும் அந்த வாசல் அடைபட்டது. 'கணவன் சம்பாதிப்பான், மனைவி வீட்டைப் பார்ப்பாள், அவன் இல்லாத காலத்தில் அவன் சொத்து இவளுக்கு' என்ற புதுக் குடித்தனம் வேரூன்றியது. அது வேரூன்றிய மூன்றாம் வருஷமே, வீட்டைப் பார்க்க வேண்டியவள் சம்பாதிக்கப் போகிறாளாமே என்ற பேச்சு எழுகிறது. குடும்பத் தலைவன் என்ற பதவி கைக்கு வந்து மை காயவில்லை, அதற்குள் பங்காளி வந்தால் எரிச்சல் வராதா?

நம் தமிழ்ப் பக்கத்துக் கதை இதைவிடக் கசப்பானது. நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழியைப் பின்பற்றினர். ஆனால் அங்கே மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்து உழைப்பாள். சொத்தோ அவன் மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. நாயர் முறையில் பெண்ணுக்கு இருந்த பிடிமானமும் இல்லை, மக்கள் வழியில் மனைவிக்குள்ள பாத்தியதையும் இல்லை. இரண்டு முறைகளின் தீமையும் ஓரிடத்தில் சேர்ந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917, 1918 ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்த அவலத்தை ஒரு மனைவியின் வாயாலேயே சொல்ல வைத்தது. படித்துச் சிரித்தவர்கள் பிறகு வெட்கப்பட்டார்கள் என்பார்கள். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. இந்தக் கவிமணிதான் இந்நகரில் மகளிர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து 1931இல் ஓய்வு பெற்றவர் என்பதை இம்மலரின் இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போகப்போகும் பெண்களுக்குப் பாடம் சொன்ன கைதான் அதை எழுதியது.

கிறிஸ்தவப் பெண்களின் நிலை வேறு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தந்தை இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. எது 'அதிகமோ' அல்ல, எது 'குறைவோ'! கணக்கெழுதிப் பழகிய எனக்கு இந்த ஒரு சொல்லை வாசித்தபோது தூக்கிவாரிப் போட்டது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகே அது மாறியது. அன்னா சாண்டியும் டாக்டர் மேரியும் இந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள். தரவாட்டு நிழல் இல்லாத பெண்கள் முதலில் படிப்பையும் உத்தியோகத்தையும் பற்றிக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சட்டம் கேட்ட ராஜினாமா

இது ஏதோ திருவிதாங்கூர்க்காரர்களின் குறுகிய புத்தி என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனில் மணமான ஆசிரியைகளுக்கிருந்த தடை 1944இலும், அரசு ஊழியப் பெண்களுக்கிருந்த தடை 1946இலும்தான் நீங்கின. அயர்லாந்தில் 1973 வரை நீடித்தது. சுதந்திர இந்தியாவில், 1951இல் ஐ.ஏ.எஸ். தேறி மதராஸ் மாகாணத்தில் பணியேற்ற அன்னா ராஜத்துக்குக் கிடைத்த நியமன ஆணையிலேயே, மணம் செய்துகொண்டால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. விதி பின்னால் மாறியது, அவர் ஆர்.என். மல்ஹோத்ராவை மணந்து அன்னா ராஜம் மல்ஹோத்ரா ஆனார், வேலையிலும் தொடர்ந்தார். வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா மணமே செய்துகொள்ளவில்லை. அப்பணியில் ஒரு பெண் மணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடை என்று அரசு கருதினால் மணமான பெண்ணை ராஜினாமா செய்யச் சொல்லலாம். அவர் தொடுத்த வழக்கில் 1979இல் தீர்ப்பெழுதியவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குத் தடையென்றால் ஆணுக்கும் அதே தடை உண்டல்லவா என்ற சாதாரணக் கேள்விதான் அத்தீர்ப்பின் உயிர்நாடி. 1928இல் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய அதுவே. இடையில் ஐம்பத்தொரு வருஷம்.

அளவுகோலின் சாய்வு

இனி உளவியலுக்கு வருவோம். அன்னா சாண்டி முன்சீப் ஆன மறுவருஷம், 1938இல், அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 792 தம்பதியரை ஆராய்ந்து திருமண மகிழ்ச்சியின் உளவியல் காரணங்கள் பற்றி நூல் வெளியிட்டார். அறிவுத்திறன் சோதனைக்குப் பேர்போன அதே டெர்மன்தான். பெற்றோரின் இல்லறம் நல்லபடியாக இருந்ததா, பிள்ளைப் பருவம் சந்தோஷமாகக் கழிந்ததா என்பவை பெரிதும் முக்கியம் என்று அவர் கண்டார். நம் ஊர்ப் பாட்டிமார் 'தாயைப் பார்த்துப் பெண் எடு' என்று சொல்லி வைத்ததும் கிட்டத்தட்ட இதையேதான். மாப்பிள்ளை எடுக்கும்போது அவன் தகப்பனைப் பார் என்று சேர்த்துச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள்.

1959இல் லாக், வாலஸ் என்ற இருவர் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு சிறு அளவுகோலைச் செய்தார்கள். உலகெங்கும் பரவியது அது. அதில் ஒரு கேள்வி: கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பாலும் எப்படி முடிகிறது? கணவன் விட்டுக்கொடுத்தால் 0 மதிப்பெண். மனைவி விட்டுக்கொடுத்தால் 2. இருவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் 10. பத்து சரிதான், யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சைபருக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மனைவி பணிந்தால் இணக்கம் சற்றுக் கூடுதல், கணவன் பணிந்தால் ஒன்றுமில்லை என்று தராசின் ஒரு தட்டில் முன்கூட்டியே இரண்டு பணவெடையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தராசு பிடித்துப் பிழைக்கிறவன் கண்ணுக்கு இது தப்பாது. பிற்காலத்தில், 1976இல், ஸ்பேனியர் வேறு அளவுகோல் செய்தார். அது வேறு விஷயம். ஒரு பெண் வேலைக்குப் போவதால் இணக்க மதிப்பெண் குறைந்தது என்று ஓர் ஆய்வேட்டில் கண்டால், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று முதலில் கேட்பது நல்லது.

வேலையின் பளுவும் தராசில் ஏற வேண்டிய ஒன்றே. மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம். அலுவலகம் போய்வரும் பெண்ணுக்கு இரண்டாவது ஷிப்ட் வீட்டில் காத்திருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1989இல் எழுதியது இதைத்தான். எங்கள் சமண வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் வேறு உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். டெக்னோபார்க்கிலிருந்து மருமகள் கழக்கூட்டம் நெரிசலைக் கடந்து வீடு வந்து சேர்வதற்குள் சூரியன் சங்குமுகத்தில் இறங்கிவிடுகிறான். அப்போ அடுப்பு யார் பற்ற வைக்கிறது? எங்கள் வீட்டில் சாயங்காலம் நாலரைக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து அரிசி களைகிறவன் நான்தான். குழம்பு என் மனைவி. அவளுக்குரிய சாப்பாட்டை டப்பாவில் கட்டி மதியமே அலுவலகத்துக்கு எடுத்துப்போக ஏற்பாடு. இதை ஊரார் வேடிக்கையாகப் பேசினார்கள், இப்போ பேசுவதில்லை. அனுஷ்டானமும் நின்றது, வேலையும் நின்றது.

இந்நகரத்து ஆய்வு ஒன்று

இக்கட்டுரையின் சாரமான செய்திக்கு வருகிறேன். வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவராக இருந்த பிரதீப் பாண்டா, பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் இருவரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக மணமான பெண்கள் 502 பேரிடம் விசாரித்து எழுதிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. படிப்பில் முதலிடம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இந்த மாவட்டம்தான், கவனிக்கவும். வீடோ நிலமோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் மணவாழ்வில் எப்போதாவது கணவனிடம் அடி உதை பட்டிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 விழுக்காடு. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. நாற்பத்தொன்பது எங்கே, ஏழு எங்கே! படிப்பு, வருமானம் முதலானவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும் சொத்தின் காப்பு நின்றது. அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியவர்களைப் பார்த்தாலும் இதே கதை: அடிபட்டவர்களில் சொத்துள்ளவர்கள் 71 விழுக்காட்டினர் வெளியேறினார்கள், சொத்தில்லாதவர்களில் வெளியேற முடிந்தது 19 விழுக்காட்டினருக்கே.

நான் மேலே சொன்ன தரவாட்டு வாசல் ஞாபகம் வருகிறதா? 1925க்குப் பின் அடைபட்ட அந்த வாசல் யாருக்கெல்லாம் வேறு வடிவில் திறந்திருந்ததோ, அவர்களே இந்த ஆய்விலும் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள். சம்பளம் மட்டும் அந்த வாசலாகிவிடுவதில்லை. மாதம் முதல் தேதி வாங்கும் சம்பளம் இரண்டாம் தேதியே வீட்டுக் கடனிலும் பிள்ளையின் கட்டணத்திலும் கரையும். அந்த வீடும் பெரும்பாலும் அவன் பெயரில்.

சம்பளம் கணவனைவிடக் கூடுதலானால் வேறு சங்கடமும் உண்டு. கேரளத்துச் செவிலியர் அமெரிக்கா போனபோது மனைவி முதலில் போய், கணவன் பின்னால் போனான். ஷீபா ஜார்ஜ் அங்குள்ள அக்குடும்பங்களை ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் எழுதினார். ஊரில் மதிப்போடு இருந்த ஆண், அங்கே மனைவி சம்பளத்தில் வாழ நேர்ந்து, தகுதிக்குக் குறைந்த வேலை பார்த்து, இழந்த மதிப்பைத் தேவாலய நிர்வாகத்தில் பதவி பிடித்து மீட்கப் பார்த்தான் என்கிறார் அவர். சில வீடுகளில் கணவன் சமையலையும் குழந்தையையும் பகிர்ந்துகொண்டான். சில வீடுகளில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவளே சோறும் வடிக்க வேண்டியிருந்தது. நாடு ஒன்று, வேலை ஒன்று, சம்பளமும் ஏறத்தாழ ஒன்று, ஆனால் வீட்டுக்கு வீடு விளைவு வேறு.

இரு எழுத்தாளர்கள்

இந்நகரில் வாழ்ந்து உத்தியோகம் பார்த்த இரண்டு எழுத்துப் பெண்களை இங்கே சொல்லியாக வேண்டும். கே. சரஸ்வதியம்மா (1919–1975) உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர், மணம் செய்துகொள்ளவில்லை. ஆண்கள் இல்லாத உலகம் என்று பொருள்படும் தலைப்பில் 1958இல் ஒரு கட்டுரை நூலே வெளியிட்டார். மலையாள இலக்கிய உலகம் அவரை ஆண் வெறுப்பாளர் என்று ஒதுக்கி, காலம் தாழ்த்தித்தான் கொண்டாடியது. மற்றவர் நம்மவர். ஹெப்சிபா ஜேசுதாசன் (1925–2012) மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை, கணவர் சி. ஜேசுதாசன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். இருவர் பெயரும் சேர்ந்து 1961இல் ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கிய வரலாறு வந்தது. 1964இல் அவருடைய 'புத்தம் வீடு' நாவல் வந்தது. பருவம் வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிஸியின் கதை அது. கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த பெண் எழுதிய கதையில் நாயகி முற்றத்துக்கு வரவே தவிக்கிறாள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே வீட்டில் இடமிருந்த அந்த இல்லறத்தை அளக்கும் வினாத்தாள் எதையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் சமூகம் சிறியது. வரன் பேசும் இடங்களில் வயதானவன் என்று என்னையும் உட்கார வைப்பார்கள். இருபது வருஷத்துக்கு முன் "பொண்ணு வேலையை விட்டுடணும்" என்றுதான் பேச்சு தொடங்கும். இப்போது "பொண்ணு வேலையில் இருக்கணும், ஆனா சாயங்காலம் சீக்கிரம் வந்துடணும்" என்று சொல்றாங்க. சம்பளம் வேணும், நேரமும் வேணும். பிறகு நகைக்கு வருவார்கள்: எத்தனை பவுன்? சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக நான் பார்த்து வருவது இது: கடைக்கு முதல் குறைந்தால் முதலில் கழலுவது மனைவியின் வளையல், அதற்குக் கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அவள் பெயரில் பதிவான ஐந்து சென்ட் மனையாக இருந்தால் அவளே பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். போன தையில் நடந்த ஒரு பேச்சில் பெண்ணின் தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். அவர் நாற்பது பவுனை இருபத்தைந்தாக்கி, மிச்சத்துக்கு ஸ்ரீகாரியம் பக்கம் மூன்று சென்ட் பார்த்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பேச்சு இன்னும் முடியவில்லை.